ஆல்டர்னேட்டர் புதுசு, பேட்டரி மட்டும் இறங்குது

ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடைகளில் அடிக்கடி காதில் விழும் புகார் இது. பழைய ஜீப் ஒன்றுக்கு ஏ.சி. போட்டார்கள். முன்னால் எல்.இ.டி. பட்டை விளக்கு வந்தது, பின்னால் ஆம்ப்ளிஃபையர் ஏறியது. இருந்த 35 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் இதற்கெல்லாம் தாங்காது என்று 90 ஆம்பியருக்கு மாற்றினார்கள். கொஞ்ச நாள் ஓடியது. அப்புறம் ஒரு காலை சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நாலு பேர் தள்ளித்தான் வண்டி கிளம்பியது. பழையது இருந்தபோதுகூட இப்படி நடந்ததில்லையே, இது டூப்ளிகேட்டாக இருக்குமோ என்று வண்டிக்காரருக்குச் சந்தேகம். கடைக்காரர் கழற்றி, பெஞ்சில் மாட்டி ஓட்டிக் காட்டுகிறார். ஜம்மென்று 14.3 வோல்ட் வருகிறது.

இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். பெஞ்சுக்கும் வண்டிக்கும் நடுவே சில மீட்டர் கம்பி, ஏழெட்டு நட்டு, ஒரு பெல்ட், டாஷ்போர்டில் ஒரு குட்டி பல்பு ஆகியவை இருக்கின்றன. எல்லாம் 35 ஆம்பியரை மனதில் வைத்துப் போட்டவை. அதோடு, ஆல்டர்னேட்டருக்குக் கண் கிடையாது. பேட்டரி காலியா நிறைந்ததா என்பதைத் தன்னிடம் வந்து சேரும் வோல்டேஜை வைத்தே அது ஊகிக்கிறது. அந்தத் தகவல் தப்பாக வந்தால், எத்தனை ஆம்பியர் திறமை இருந்தும் பேட்டரிக்குப் பட்டினிதான். பெரிய ஆல்டர்னேட்டர் போட்ட பிறகு வரும் சார்ஜ் கோளாறுகளில் பலவற்றின் வேர் இங்கேதான் இருக்கிறது. ஆல்டர்னேட்டரைத் திரும்பத் திரும்ப மாற்றுபவர்களுக்கு அது அகப்படுவதே இல்லை.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை ஒதுக்கிவிடலாம். 90 ஆம்பியர் என்று எழுதியிருந்தால் அது எந்நேரமும் 90 ஆம்பியரைப் பேட்டரிக்குள் திணித்துக்கொண்டிருக்காது. விளக்கு, ஃபேன், பேட்டரி எல்லாம் சேர்ந்து எவ்வளவு இழுக்கின்றனவோ அவ்வளவைத்தான் அது கொடுக்கும். நிறைந்த பேட்டரி ஓரிரு ஆம்பியர்தான் இழுக்கும். 90 என்பது உச்சவரம்பு. அதுவும் எந்த வேகத்தில் என்பது தனிக் கதை.

உள்ளே நடப்பது சிக்கலானதல்ல. நடுவில் சுழலும் ரோட்டரில் ஒரு காயில் இருக்கிறது. கார்பன் பிரஷ் வழியாக அதற்கு மூன்று நான்கு ஆம்பியர் கொடுத்தால் அது காந்தமாகிறது. காந்தம் சுழலச் சுழல, சுற்றியுள்ள ஸ்டேட்டர் காயில்களில் மூன்று ஃபேஸ் மாறுமின்சாரம் பிறக்கிறது. ஆறு டயோடுகள் அதை ஒரே திசைக்குத் திருப்பி, பி-பிளஸ் எனப்படும் தடித்த போல்ட்டுக்கு அனுப்புகின்றன. வோல்டேஜ் குறைந்தால் ரோட்டருக்குப் போகும் மின்சாரத்தைக் கூட்டுவதும், ஏறினால் குறைப்பதும் ரெகுலேட்டரின் வேலை. கிரைஸ்லர் நிறுவனம் தன் 1960-ஆம் வருட வேலியன்ட் காரில் ஆல்டர்னேட்டரைப் பொருத்தி விற்றது. சிலிக்கான் டயோடு கட்டுப்படியாகும் விலைக்கு வந்ததால்தான் அது நடந்தது. அடுத்த சில ஆண்டுகளில் மற்ற நிறுவனங்களும் அதுவரை சார்ஜ் கொடுத்துவந்த டைனமோவைக் கைகழுவின.

இனி பேட்டரி பக்கம். லெட்-ஆசிட் பேட்டரியில் ஆறு செல்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2.1 வோல்ட். முழுச் சார்ஜில், சில மணி நேரம் ஓய்வாக இருந்தபின் அளந்தால் 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதி காலி. சார்ஜ் ஏற்ற வேண்டுமானால் அதைவிடக் கூடுதலான வோல்டேஜால் தள்ள வேண்டும், ஆனால் ரொம்பவும் தள்ளக்கூடாது. 14.4 வோல்ட்டைத் தாண்டினால் தண்ணீர் பிரிந்து வாயுவாகக் கிளம்பும். அதனால்தான் பெரும்பாலான ரெகுலேட்டர்கள் 14.2-ஐ ஒட்டி நிற்கின்றன. பேட்டரியின் முனையில் 14.2 கிடைத்தால் நன்றாகச் சார்ஜ் ஏறும். 13.5 தான் கிடைத்தால் ஏறுவது போலவும் இருக்கும், ஏறவும் ஏறாது. தினமும் ஏ.சி. போட்டுக்கொண்டு பத்து கிலோமீட்டர் ஓடும் வண்டியில் அப்படிப்பட்ட பேட்டரி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, ஒரு நாள் கைவிடும். இந்த முக்கால் வோல்ட் எங்கே தொலைகிறது என்று தேடுவதுதான் நம் வேலை.

ஸ்பேனரை எடுக்கும் முன் மல்டிமீட்டரை எடுங்கள். பேட்டரியின் இரு முனைகளிலும் மூன்று முறை அளக்க வேண்டும். காலையில் வண்டியைக் கிளப்பும் முன்னால் ஒன்று. கிளப்பி, ஐடிலிங்கில் ஒன்று. ஹெட்லைட், ஏ.சி. ஃபேன், வைப்பர் எல்லாவற்றையும் போட்டு, எஞ்சினை நிமிடத்துக்கு 2000 சுற்றில் நிறுத்தி ஒன்று. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் 12 சொச்சமே இருந்தால் ஆல்டர்னேட்டர் விழிக்கவே இல்லை. இரண்டாவதில் 14-ஐத் தொட்டு, சுமை போட்டதும் 13.3-க்குச் சரிந்தால் உற்பத்தி இருக்கிறது, வழியில் எங்கோ கசிகிறது. ஐடிலிங்கில் மட்டும் தள்ளாடி, ரேஸ் கொடுத்தால் நிமிர்ந்தால் பெல்ட், புல்லி, வேகம் இவற்றைப் பார்க்க வேண்டும். 15-ஐத் தாண்டினால் உடனே எஞ்சினை நிறுத்திவிடுங்கள்.

விழிக்காத ஆல்டர்னேட்டரை எடுத்துக்கொள்வோம். இதில் டாஷ்போர்டு பல்பின் பங்கு பலருக்குத் தெரியாது. சாவியைத் திருப்பியதும் சிவப்பாக எரிகிறதே, பேட்டரிப் படம் போட்ட விளக்கு, அது வெறும் எச்சரிக்கைக்காக வைத்தது இல்லை. பல ஆல்டர்னேட்டர்களில் முதல் மின்சாரம் அதன் வழியாகத்தான் போகிறது. பேட்டரியில் கிளம்பி, சாவி, பல்பு, ஆல்டர்னேட்டரின் டி-பிளஸ் முனை, ரெகுலேட்டர், பிரஷ், ரோட்டர் காயில் என்று நடந்து எர்த்தை அடைகிறது. 2.2 வாட் பல்பானால் 0.18 ஆம்பியர்தான். ஆனாலும் ரோட்டரை லேசாகக் காந்தமாக்க அது போதும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் ஆல்டர்னேட்டர் தனக்கு வேண்டியதைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. அப்போது டி-பிளஸ் முனையிலும் 14 வோல்ட், சாவிப் பக்கமும் 14 வோல்ட். இரு பக்கமும் சமமானால் பல்பு வழியே ஓட மின்சாரம் இல்லை, விளக்கு அணைகிறது. ஆகவே அணைந்த விளக்குக்கு ‘இரு பக்கமும் சமம்’ என்ற பொருளுக்கு மேல் எதுவும் கிடையாது. பல்பு பீஸ் போயிருந்தாலும் அணைந்துதான் இருக்கும்!

டாஷ்போர்டு அழகாக இருக்கட்டும் என்று அந்தப் பல்பை எல்.இ.டி.யாக மாற்றுகிறார்கள். எல்.இ.டி. வழியே சில மில்லி ஆம்பியர்தான் போகும். ரோட்டர் விழிக்க அது பற்றாது. விளைவு விசித்திரமாக இருக்கும். கிளப்பியதும் சார்ஜ் இல்லை, ஒருமுறை நன்றாக ரேஸ் கொடுத்தால் திடீரென்று ஏற ஆரம்பிக்கும், பிறகு எஞ்சினை அணைக்கும்வரை ஒரு குறையும் இராது. ரோட்டர் இரும்பில் முந்தைய ஓட்டத்தின் மிச்சக் காந்தம் கொஞ்சம் தங்கியிருக்கும். வேகம் கூடினால் அந்த மிச்சமே போதுமாகி, சங்கிலி தொடங்கிவிடுகிறது. புது ஆல்டர்னேட்டரில் இந்த மிச்சக் காந்தம் குறைவாக இருந்தால், பழையதோடு சமாளித்த எல்.இ.டி. இதோடு சமாளிக்காது. ஆல்டர்னேட்டரின் குறை என்று அதைக் கழற்றுபவர்கள் உண்டு. எல்.இ.டி.க்குப் பக்கவாட்டில் 68 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை இணைத்தால் பழைய பல்பு கொடுத்த மின்சாரம் திரும்பக் கிடைக்கும். ரெசிஸ்டர் தொடமுடியாத அளவு சுடும், பிளாஸ்டிக்கை ஒட்டி வைக்கக்கூடாது.

பல்பே வேண்டாம், 12 வோல்ட்டை நேரே கொடுத்துவிடலாம் என்று நினைப்பதில் ஆபத்து இருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸின் பழைய 10எஸ்ஐ ஆல்டர்னேட்டர் இருந்த இடத்தில் 1980-களில் வந்த சிஎஸ்-130 ரகத்தைப் பொருத்துவது அமெரிக்காவில் பழைய கார் வைத்திருப்பவர்கள் வழக்கமாகச் செய்யும் மாற்றம். சிஎஸ்-130-இல் விளக்குக்கான எல் முனைக்குப் பல்போ ரெசிஸ்டரோ நடுவில் இல்லாமல் நேரடியாக 12 வோல்ட் கொடுத்தால் ரெகுலேட்டர் செத்துவிடும். டென்சோ ரகங்களில் ஐஜி, எல், எஸ் என்று மூன்று கம்பிகள். ஐஜி சாவியிலிருந்து வரும் மின்சாரம், எல் விளக்குக்கு, எஸ் பேட்டரியின் வோல்டேஜை உளவு சொல்ல. பிளக் பார்ப்பதற்கு ஒன்று போலவே இருக்கும், முனைகளின் வரிசை மாடலுக்கு மாடல் மாறும். ‘பழைய பிளக் கச்சிதமாக உட்கார்ந்தது’ என்பதை ஒருபோதும் சான்றாக எடுத்துக்கொள்ளக்கூடாது.

எதிர்த்திசையில் ஒரு வேடிக்கையும் நடக்கும். சாவியை எடுத்த பிறகும் எஞ்சின் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். பல்பை எடுத்துவிட்டு வெறும் கம்பியால் இணைத்த பெட்ரோல் வண்டிகளில், ஓடும் ஆல்டர்னேட்டரின் மின்சாரம் அந்தக் கம்பி வழியே பின்னோக்கி வந்து இக்னிஷன் காயிலுக்கு உயிர் கொடுக்கிறது. பல்பைத் திருப்பி மாட்டினாலோ, ஒரு டயோடு வைத்தாலோ சரியாகும்.

சரி, விழித்துவிட்டது. ஐடிலிங்கில் 14 காட்டுகிறது, சுமையில் சரிகிறது. நம் ஜீப்பின் கதை இதுதான் என்று வைத்துக்கொள்வோம். பழைய சார்ஜிங் கம்பி 4 சதுர மில்லிமீட்டர் செம்பு, ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிவரை இரண்டு மீட்டர். அதன் மின்தடை 8.6 மில்லி ஓம், அதாவது ஓர் ஓமில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. 30 ஆம்பியர் ஓடும்போது அதில் இழப்பது கால் வோல்ட், சூடாக வெளியேறுவது 8 வாட்டுக்கும் குறைவு. யாருக்கும் தெரியாது. இப்போது 70 ஆம்பியர் ஓடட்டும். இழப்பு 0.6 வோல்ட். சூடோ 42 வாட். மின்சாரம் இரண்டேகால் மடங்குதான் கூடியது, சூடு ஐந்து மடங்கைத் தாண்டிவிட்டது, ஏனென்றால் சூடு மின்சாரத்தின் வர்க்கத்தோடு ஏறும். ஐந்து குதிரைத்திறன் மோட்டாரை இறக்கிவிட்டு, பழைய முக்கால் இஞ்ச் குழாயிலேயே தண்ணீர் எதிர்பார்ப்பதைப் போன்ற காரியம் இது. இதே தூரத்துக்கு 25 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டால் 70 ஆம்பியரிலும் இழப்பு 0.1 வோல்ட்டோடு நின்றுவிடும்.

இங்கே ரெகுலேட்டர் என்ன நினைக்கிறது? தன் பி-பிளஸ் போல்ட்டையே பார்த்துக்கொண்டிருக்கும் ரகமாக இருந்தால், அங்கே 14.2 இருக்கிறது, எல்லாம் நலம் என்று நினைக்கும். கம்பியின் மறுமுனையில் பேட்டரிக்குக் கிடைப்பது 13.6 என்பது அதற்குத் தெரியவே தெரியாது. பெஞ்சில் ஜம்மென்று ஓடியதன் ரகசியம் இதுதான். பெஞ்சில் கம்பி அரை மீட்டர், சுமையும் கொஞ்சம்.

எஸ் கம்பி என்ற உளவுக் கம்பி இருக்கும் ரகங்களில் இந்தக் குறையைத் தானாக ஈடுகட்ட வழியிருக்கிறது, அந்தக் கம்பியைப் பேட்டரி பிளஸ்ஸுக்கே கொண்டுபோய்க் கட்டினால். வேலையைச் சீக்கிரம் முடிக்க அதைப் பக்கத்திலேயே பி-பிளஸ் போல்ட்டில் முறுக்கிவிடுவது நடைமுறை. வண்டி ஓடும், ஆனால் உளவாளி தூங்கிவிட்டான். அதைவிட மோசம், இழப்பு மிகுந்த ஏதோ ஒரு சந்திப்பில் அதைக் கட்டுவது. அங்கே வோல்டேஜ் எப்போதும் குறைவாகத் தெரியும். ரெகுலேட்டர் மேலும் மேலும் ஏற்றிக்கொண்டே போகும், பேட்டரி கொதித்து அமில வாடை கிளம்பும். எஸ் கம்பி அறுந்தே போனால், ரகத்தைப் பொறுத்துச் சிலவற்றில் சார்ஜ் நின்றுவிடும், சிலவற்றில் கட்டுமீறி ஏறும்.

இழப்பு எந்த இடத்தில் என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை இருக்கிறது. இந்தத் தொழிலில் எனக்குப் பிடித்ததும் இதுதான். மீட்டரை டி.சி. வோல்ட்டில் வையுங்கள். எஞ்சின் 2000 சுற்றில், எல்லாச் சுமையும் போட்டபடி. சிவப்பு முனையை ஆல்டர்னேட்டரின் பி-பிளஸ் போல்ட்டிலும், கறுப்பு முனையைப் பேட்டரியின் பிளஸ்ஸிலும் வையுங்கள். ஆம், இரண்டு முனையும் பிளஸ்ஸில்தான். பார்ப்பவர்கள் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். பூஜ்யம்தானே காட்டும் என்பார்கள். நல்ல வயரிங்கானால் 0.1, 0.2 என்று காட்டும். 0.7 காட்டினால் உங்கள் முக்கால் வோல்ட் அகப்பட்டுவிட்டது. இப்போது கறுப்பு முனையைப் பேட்டரியிலிருந்து ஆல்டர்னேட்டர் பக்கமாக, ஒவ்வொரு இணைப்பாக நகர்த்துங்கள். பேட்டரியின் ஈயத் தண்டிலிருந்து அதைக் கவ்வியிருக்கும் கிளாம்புக்கு நகர்த்தியதும் 0.7 என்பது 0.4 ஆனால், தண்டுக்கும் கிளாம்புக்கும் நடுவே வெறும் தொடுபரப்பில் 0.3 வோல்ட் தொலைகிறது. வெளியே பளபளவென்று இருக்கும். கழற்றிப் பார்த்தால் உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு படலம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, திரும்பப் பூட்டி, கொஞ்சம் வேசலின் தடவினால் அந்த 0.3 திரும்பி வந்துவிடும்.

இதை ஓம் ரேஞ்சில் அளக்கலாமே என்று கேட்கலாம். முடியாது. மீட்டரின் சொந்த வயர்களிலேயே ஓர் ஓமில் பத்தில் இரண்டு மூன்று பங்கு தடை இருக்கும். நாம் தேடுவது அதில் முப்பதில் ஒரு பங்கு. ‘பீப்’ என்று ஒலிக்கும் கன்டினியூட்டி சோதனை இன்னும் பெரிய ஏமாற்று. முப்பது இழையில் இருபத்தொன்பது அறுந்து ஒன்று மிஞ்சியிருந்தாலும் பீப் சத்தம் கேட்கும். டெஸ்ட் லேம்ப்பும் எரியும். அந்த ஓர் இழை பல்புக்குப் போதும், 70 ஆம்பியருக்குப் போதாது. மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டுமே இந்தக் கோளாறு தன்னைக் காட்டிக்கொள்ளும்.

இதே சோதனையை எர்த் பக்கமும் செய்ய வேண்டும். ஒரு முனை ஆல்டர்னேட்டரின் உலோக உடலில், மறு முனை பேட்டரி மைனஸ்ஸில். இங்கும் 0.1, 0.2-ஐத் தாண்டக்கூடாது. வண்டிகளில் பாதி மின்சுற்று பாடி வழியாகத்தான் திரும்புகிறது என்பதைப் பிளஸ் கம்பியை மாற்றும் அவசரத்தில் மறந்துவிடுகிறோம். எஞ்சின் ரப்பர் மவுன்ட்டிங்கில் உட்கார்ந்திருக்கிறது, ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. எஞ்சினையும் சேசிஸையும் இணைக்கும் பின்னல் பட்டை ஒன்றுதான் பாலம், பழைய வண்டியில் அது எண்ணெய் குடித்துக் கறுத்து நைந்திருக்கும். போதாததற்கு, புது ஆல்டர்னேட்டருக்கென்று அடித்த பிராக்கெட்டுக்கு அழகாகப் பெயின்ட் அடித்திருப்பார்கள். பெயின்ட்டும் கடத்தாது. போல்ட் உட்காரும் இடத்தில் மட்டும் சுரண்டி விட்டாலே ஆல்டர்னேட்டர் ‘சரியாகிவிடும்’. எர்த் சரியில்லாத எஞ்சினில் மின்சாரம் கிடைத்த வழியில் திரும்பப் பார்க்கும். ஆக்சிலரேட்டர் கேபிள் சூடாகிப் புகைவதற்குக் காரணம் தேடுபவர்கள் எர்த் பட்டையைப் பார்ப்பது நல்லது.

டாஷ்போர்டில் அம்மீட்டர் வைத்த பழைய வண்டிகள் தனி ரகம். 1960, 70-களின் கிரைஸ்லர் கார்கள் இதற்குப் பேர்போனவை. ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்குப் போகும் மின்சாரம் முழுவதும் எஞ்சின் அறைச் சுவரில் இருந்த பிளாஸ்டிக் கனெக்டரைத் தாண்டி உள்ளே வந்து, அம்மீட்டர் வழியாகச் சுற்றி, மறுபடி அதே சுவரைத் தாண்டி வெளியே போகும். அந்தக் காலத்துச் சுமைக்கு அது தாங்கியது. பெரிய ஆல்டர்னேட்டர் மாட்டியவர்கள் கனெக்டர் உருகுவதைக் கண்டார்கள். அம்மீட்டர் உள்ள பழைய ஜீப்புக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். பி-பிளஸ்ஸிலிருந்து பேட்டரிக்குத் தடித்த கம்பியை நேராக இழுத்து, அம்மீட்டரை வேலையிலிருந்து விடுவித்து, ஒரு வோல்ட்மீட்டரை வைப்பதுதான் நல்ல முடிவு. கம்பியின் பேட்டரி முனையில், கம்பிக்குத் தக்க ஃபியூஸ் கட்டாயம். 90 ஆம்பியர் ஆல்டர்னேட்டரை 60 ஆம்பியர் ஃபியூஸோடு விடக்கூடாது. ஓடும்போது அது எரிந்தால் ஆல்டர்னேட்டர் பேட்டரியிலிருந்து திடீரென்று துண்டாகும். அதன் விளைவைப் பின்னால் சொல்கிறேன்.

டைனமோவைக் கழற்றி ஆல்டர்னேட்டர் மாட்டுபவர்கள் இரண்டைக் கவனித்தால் போதும். லூகாஸ் சி-40 போன்ற டைனமோக்கள் 22 ஆம்பியர் தருபவை, அவற்றுக்குத் தனியாக கட்-அவுட் பெட்டி உண்டு. அந்தப் பெட்டி சுற்றிலிருந்து வெளியேற வேண்டும். பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பேட்டரியின் பிளஸ்தான் எர்த். அதை மாற்றாமல் ஆல்டர்னேட்டரை இணைத்த கணமே டயோடுகள் தீர்ந்தன.

பெல்ட்டுக்கு வருவோம். 14 வோல்ட்டில் 90 ஆம்பியர் என்றால் 1260 வாட். ஆல்டர்னேட்டரின் திறன் அறுபது சதவீதத்தை ஒட்டி இருப்பதால் பெல்ட் கொடுக்க வேண்டியது 2100 வாட், கிட்டத்தட்ட மூன்று குதிரைத்திறன். ஒல்லியான ஒற்றை வி-பெல்ட் இதற்குத் திணறும். கீச்சென்று கத்தினால் எல்லோருக்கும் தெரியும். கத்தாமலே வழுக்கினால் புல்லியைச் சுற்றிக் கறுப்புத் தூசியும், எஞ்சினை அணைத்ததும் தொட முடியாத சூடும்தான் அடையாளம். கட்டைவிரலால் அழுத்தினால் நீளமான பகுதியில் ஒரு சென்டிமீட்டர் அமுங்கலாம். பெல்ட்டைக் கம்பி போல இறுக்கினால் பேரிங் போகும்.

புல்லி அளவு இன்னும் நுணுக்கமானது. எஞ்சின் புல்லி 150 மில்லிமீட்டர், பழைய ஆல்டர்னேட்டர் புல்லி 60 என்றால் எஞ்சினைப் போல இரண்டரை மடங்கு வேகத்தில் அது சுழலும். 750 சுற்று ஐடிலிங்கில் 1875. புதியது 75 மில்லிமீட்டர் புல்லியோடு வந்திருந்தால் 1500 தான். பெயர்ப்பலகையில் ‘14 வோல்ட் 50/90 ஆம்பியர்’ என்பது போலப் பொறித்திருப்பார்கள். முதல் எண் குறைந்த வேகத்துக்கு, இரண்டாவது எண் நிமிடத்துக்கு 6000 சுற்றுக்கு. கடைக்காரர் சொல்லி விற்பது இரண்டாவதை. கத்திப்பாரா நெரிசலில் ஊர்ந்துகொண்டிருக்கும் வண்டிக்கு வேண்டியது முதலாவது. ஹெட்லைட் 9, ஏ.சி. ஊதும் ஃபேன் 12, ரேடியேட்டர் ஃபேன் 15, கம்ப்ரஸர் கிளட்ச் 4, வைப்பர் 5, மற்றவை என்று மழைநாளில் 45 ஆம்பியரைத் தாண்டிவிடும். மேலும், அதிக ஆம்பியருக்காகத் தடித்த கம்பியைக் குறைந்த சுற்றுகளாகச் சுற்றிய ஸ்டேட்டர், சார்ஜ் தரத் தொடங்கவே கூடுதல் வேகம் கேட்கும். ஐடிலிங்கில் பழைய ஆல்டர்னேட்டரைவிடக் குறைவாகத் தரும் ‘பெரிய’ ஆல்டர்னேட்டர்கள் இருக்கின்றன. வாங்கும்போது ஐடிலிங்கில் எவ்வளவு என்று கேளுங்கள். பதில் தெரியாத கடையில் வாங்க வேண்டாம்.

வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். நல்ல ரெகுலேட்டர் சூடு ஏற ஏற வோல்டேஜைத் தானே கொஞ்சம் குறைத்துக்கொள்ளும், பேட்டரி கொதிக்காமலிருக்க. காலையில் 14.3, மதியம் ஒரு மணி நேர ஓட்டத்துக்குப் பின் 13.8 என்றால் அது கோளாறில்லை. அதற்காக ரெகுலேட்டரை மாற்றியவர்கள் பணத்தை வீணடித்தவர்கள்.

டயோடு விஷயம் இருவகை. ஒன்று அறுந்துபோனால் உற்பத்தி குறையும், நேர்மின்சாரத்தில் அலை கூடும். ரேடியோவில் எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் ரீங்காரம் கேட்கும், டாஷ்போர்டு விளக்கு மினுக்மினுக்கென்று மங்கலாக எரியலாம். பேட்டரி முனையில் மீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்துப் பார்த்தால் அரை வோல்ட்டைத் தாண்டும். இந்தச் சோதனையைச் சந்தையில் கிடைக்கும் மலிவு மீட்டரில் செய்ய வேண்டாம். அவற்றில் சில, ஏ.சி. ரேஞ்சில் வெறும் பேட்டரியைத் தொட்டாலே இருபத்துச் சொச்சம் வோல்ட் காட்டி வயிற்றைக் கலக்கும், முனைகளை மாற்றி வைத்தால் பூஜ்யம் என்னும். டயோடு ஷார்ட் ஆனால் கதை வேறு. வண்டி நிற்கும்போது பேட்டரி மின்சாரம் பின்வழியாக ஆல்டர்னேட்டருக்குள் ஓடி இரவெல்லாம் தீரும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் ஆல்டர்னேட்டரைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தால் சந்தேகமே வேண்டாம். புதியதிலும் இது நேரலாம். பொருத்தும்போது பேட்டரி மைனஸ்ஸைக் கழற்றாமல் பி-பிளஸ்ஸில் ஸ்பேனர் போட்டு, ஸ்பேனர் பாடியில் பட்டுப் பொறி பறந்த வண்டிகளில் இன்னும் கவனம் தேவை.

ஒரு பழக்கத்தைப் பற்றிக் கோபமாகவே எழுத வேண்டியிருக்கிறது. எஞ்சின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றிவிட்டு, ‘வண்டி நிற்கவில்லை பார், சார்ஜ் நன்றாக இருக்கிறது’ என்று காட்டுவது. டைனமோ காலத்தில் தப்பித்துக்கொண்டார்கள். ஆல்டர்னேட்டரில் ரோட்டரின் காந்தப்புலம் சட்டென்று வடியாது. பேட்டரி என்ற பெரிய வாங்குமிடம் திடீரென்று மறைந்தால், வடியும் நேரத்துக்குள் வோல்டேஜ் தாவும். கட்டுப்பாட்டுப் பாகம் இல்லாத சுற்றில் அது 80, 100 வோல்ட்டைக்கூடத் தொடும். ஆல்டர்னேட்டர் பெரிதாக ஆக அந்தத் தாவலின் வலுவும் கூடும். முதலில் போவது ரெகுலேட்டரோ, எஞ்சின் கம்ப்யூட்டரோ, ஆம்ப்ளிஃபையரோ என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

சமீபத்திய வண்டிகளில் ஆல்டர்னேட்டருக்கு எப்போது எவ்வளவு என்று எஞ்சின் கம்ப்யூட்டரே கட்டளையிடுகிறது. அவற்றில் 12.8 வோல்ட் காட்டினால் மைலேஜுக்காகச் சார்ஜைக் கம்ப்யூட்டர் வேண்டுமென்றே நிறுத்தி வைத்திருக்கலாம். பேட்டரி மைனஸ்ஸில் ஒரு சென்சார் உட்கார்ந்திருந்தால், ஆம்ப்ளிஃபையரின் எர்த்தை அந்தத் தண்டில் நேராகக் கட்டாதீர்கள். சென்சாரைச் சுற்றிக்கொண்டு போகும் மின்சாரம் கணக்கில் வராது, கம்ப்யூட்டர் பேட்டரியைத் தப்பாக எடைபோடும். சேசிஸில் கட்ட வேண்டும். கட்டளைக் கம்பி இல்லாத சந்தை ஆல்டர்னேட்டரை இவ்வகை வண்டியில் மாட்டுவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

இவை அத்தனையும் சரியாக இருந்து, பேட்டரி முனையில் சுமையோடும் 14.1 கிடைத்து, அப்படியும் மறுநாள் காலை இறங்கியிருந்தால் பேட்டரியைத்தான் பார்க்க வேண்டும். பல மாதம் அரைவயிற்றோடு கிடந்த பேட்டரியின் தகடுகளில் சல்ஃபேட் கெட்டிப்பட்டிருக்கும். அதை எந்த ஆல்டர்னேட்டராலும் கரைக்க முடியாது. முற்றிலும் இறங்கிய பேட்டரியை ஆல்டர்னேட்டரை வைத்தே நிரப்பப் பார்ப்பதும் தவறு. மணிக்கணக்கில் உச்சத்தில் ஓடி ஆல்டர்னேட்டர்தான் வேகும். லித்தியம் பேட்டரிக்கு மாறியவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம், அது கிடைப்பதையெல்லாம் கடைசிவரை இழுத்துக்கொண்டே இருக்கும். லெட்-ஆசிட் பேட்டரியைக் கழற்றி, கடையில் ஓர் இரவு மெதுவாகச் சார்ஜ் ஏற்றி, சில மணி நேரம் சும்மா வைத்து அளக்க வேண்டும். 12.6 காட்டினால் வண்டியில் மாட்டி, செல்ஃப் அடிக்கும்போது முனைகளில் மீட்டரை வைத்துப் பாருங்கள். 9.6-க்குக் கீழே விழுந்தால் மாற்ற வேண்டியது பேட்டரி.